இருத்தலும் இரங்கலும்: இந்தியாவில் தங்கிய ஆங்கிலேய முதியோர் பற்றிய இரு புதினங்கள்

முன்னுரை

புலம்பெயர்வு பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் இரு வகை மாந்தரை மையமாகக் கொண்டுள்ளன. தோட்டத் தொழிலுக்காகக் கடல் கடந்தோர் ஒரு வகையினர். ஈழப் போரினால் நாடு துறந்தோர் மற்றொரு வகையினர். பணி ஓய்வுக்குப் பின், கையில் ஓய்வூதியத்துடன், தாமே தேர்ந்த அயல்நாட்டில் எஞ்சிய வாழ்நாளைக் கழிக்க முற்படும் முதியோர் இவ்விரு வகையுள்ளும் அடங்கார். குடியேறிய பிறரை அந்நாட்டு மக்களோடு பிணைக்கும் வாயில்கள் தொழிலும் பிள்ளைகளின் பள்ளியும் ஆகும். ஓய்வு பெற்றோர்க்கு இவ்விரண்டும் அடைபட்டவை. அந்நிலையில் அவர்கள் புதிய மண்ணில் யாரோடு, எந்த அடிப்படையில் உறவு கொள்கின்றனர் என்பது தனித்து ஆராயத்தக்கதொரு வினாவாகும்.

மேலை நாடுகளில் இவ்வினா சமூகவியலாரால் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. ஸ்பெயினின் தென்கடற்கரையில் வாழும் ஆங்கிலேயர் குறித்துக் கேரன் ஓ'ரெய்லி எழுதிய நூல் 2000இல் வெளிவந்தது. அங்குள்ளோர் தமக்குள் மன்றங்கள் அமைத்து ஒருவர்க்கொருவர் உதவி வாழ்கின்றனர் என்றும், ஸ்பானிய சமூகத்தின் விளிம்பிலேயே நிற்கின்றனர் என்றும் அவர் காட்டுகிறார். இந்தியாவில் தங்கிய ஆங்கிலேய முதியோரையோ இலக்கியமே முதன்மையாகப் பதிவு செய்துள்ளது. அவ்வகையில் பால் ஸ்காட் எழுதிய 'ஸ்டேயிங் ஆன்' (1977), டெபரா மொகக் எழுதிய 'தீஸ் ஃபூலிஷ் திங்ஸ்' (2004) ஆகிய இரு புதினங்களையும், பின்னதைத் தழுவி 2011இல் உருவான 'தி பெஸ்ட் எக்ஸாடிக் மேரிகோல்ட் ஹோட்டல்' என்னும் திரைப்படத்தையும் ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்ப் பொருளிலக்கணக் கருத்தாக்கங்கள் சில இவ்வொப்பீட்டுக்கு எவ்வளவு தூரம் துணைசெய்யும், எங்கே துணைசெய்யா என்பதும் உடன் ஆராயப்படுகிறது.

நூல்களும் பின்புலமும்

பால் ஸ்காட் 1943இல் படைப்பணியின் பொருட்டு இந்தியா வந்தவர். 1966 முதல் 1975 வரை வெளிவந்த 'ராஜ் குவார்டெட்' என்னும் நான்கு புதினங்கள் அவருக்குப் பெயர் தந்தன. அவற்றின் பின்னிணைப்பு எனத்தக்க 'ஸ்டேயிங் ஆன்' 1977ஆம் ஆண்டின் புக்கர் பரிசினைப் பெற்றது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். கதை நிகழிடம் பாங்கோட் என்னும் கற்பனை மலைநகரம், காலம் 1972. இந்தியா விடுதலை பெற்ற பின்னும் தாயகம் திரும்பாத கர்னல் டஸ்கர் ஸ்மாலியும் அவர் மனைவி லூசியுமே தலைமை மாந்தர். ஏப்ரல் மாதக் கடைசித் திங்கட்கிழமை காலை டஸ்கர் மாரடைப்பால் இறக்கும் செய்தியைப் புதினத்தின் முதல் வாக்கியமே அறிவித்துவிடுகிறது. அந்நேரத்தில் லூசி, ஷிராஸ் என்னும் புதிய ஐந்துமாடி ஓட்டலில் தலைமுடி ஒப்பனை செய்துகொண்டிருக்கிறாள். அதன்பின் கதை சில மாதங்கள் பின்னோக்கிச் சென்று அவ்விறப்பை நோக்கி மீண்டும் நகர்கிறது.

மொகக்கின் புதினம் முற்றிலும் வேறானதொரு காலத்தது. இலண்டனில் மருத்துவராகப் பணியாற்றும் ரவி கபூர், தம் மாமனாரின் தொல்லை பொறாது, ஆங்கிலேய முதியோர்க்கு இந்தியாவில் இல்லம் அமைக்கும் திட்டத்தில் தம் உறவினன் சோனியுடன் இறங்குகிறார். பெங்களூரில் உள்ள பழைய விடுதி ஒன்று முதியோர் இல்லமாகிறது. பணச் சுருக்கமும் பிள்ளைகளின் புறக்கணிப்பும் உடையோர் அங்கு வந்து சேர்கின்றனர். இதனைத் தழுவி ஜான் மேடன் இயக்கிய திரைப்படம், நிகழிடத்தை ஜெய்ப்பூருக்கு மாற்றிக்கொண்டது. 2015இல் அதன் இரண்டாம் பாகமும் வெளிவந்தது.

ஸ்மாலி இணையர் பேரரசின் எச்சமாகத் தங்கியோர். மொகக்கின் மாந்தர் உலகமயச் சந்தையின் வழியே வந்தோர். முன்னவர் போகாதோர், பின்னவர் வந்தோர். இவ்வேறுபாடு இருப்பினும் இருசாராரையும் பணம் ஒரே நிலையில் நிறுத்துகிறது. ஒரு பவுனுக்கு 13.33 ரூபாய் என்றிருந்த மாற்று மதிப்பு 1966இல் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது 21 ரூபாயாயிற்று. 1967இல் பவுனின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது 18 ரூபாயாக இறங்கிற்று. அயலூதியத்தில் வாழ்வோரின் அன்றாடம் அவர்தம் கையில் இல்லை என்பதை இவ்வெண்களே உணர்த்தும். பிரித்தானிய அரசு ஓய்வூதியம், ஸ்பெயினில் வாழ்வோர்க்கு ஆண்டுதோறும் உயர்த்தப்படுவது போல இந்தியாவில் வாழ்வோர்க்கு உயர்த்தப்படுவதில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. தனக்குப் பின் தன் நிலை என்னவாகும் என்று லூசி கணவரிடம் கேட்கும் கேள்வி, ஆகவே, ஒரு பெண்ணின் தனிப்பட்ட அச்சம் மட்டும் அன்று.

விருந்தும் விடுதியும்

இரு ஆசிரியர்களும் தம் முதியோரைச் சொந்த வீட்டில் குடிவைக்கவில்லை, ஓட்டலிலேயே வைக்கின்றனர். ஸ்மாலி இணையர் வாழும் 'லாட்ஜ்', பாங்கோட்டின் பழைமையான ஸ்மித் ஓட்டலின் இணைப்புக் கட்டடம். மொகக்கின் மாந்தர்க்கும் விடுதியே வீடு. இவ்வொற்றுமை தற்செயலானது என்று ஒதுக்கத்தக்கதன்று.

விருந்து என்னும் தமிழ்ச்சொல் புதுமை என்னும் பொருளும் உடையது. புதியராய் வந்தவர் விருந்தினர். அவ்வுறவுக்கு விலை இல்லை. ஆனால் கால எல்லை உண்டு. விருந்தினராக வந்தவர் நாள்கள் செல்லச் செல்ல ஒன்று உறவினராக வேண்டும், அன்றேல் விடைபெற வேண்டும். விடுதி இதற்கு மறுதலை. அங்குக் கால எல்லை இல்லை, விலை உண்டு. பணம் தருமளவும் ஒருவர் புதியவராகவே நீடிக்கலாம். ஓய்வுக்குப் பின் அயல்நாட்டில் தங்குவோரின் சமூக நிலையை இதனினும் துல்லியமாகக் காட்டும் இடம் வேறில்லை. பத்தாண்டு வாழ்ந்த பின்னும் அவர் வாடிக்கையாளரே.

ஸ்காட்டின் புதினத்தில் இவ்வுண்மை இறுதிவரை மறைக்கப்படுவதில்லை. ஓட்டலின் உரிமையாளர் லீலா பூலாபாய் அம்மையார். அவர் கணவர் ஃபிராங்க் பூலாபாய் அவ்வோட்டலின் மேலாளர், கிறித்தவர், ஊர்த் தேவாலயத்தின் பொறுப்பாளர்களுள் ஒருவர். அவரும் டஸ்கரும் சேர்ந்து மது அருந்தும் நண்பர்கள். ஆயின் ஓட்டலைப் பெருமுதலாளிகளிடம் விற்க முனையும் மனைவி, குடியிருப்போரை வெளியேற்றும் அறிவிப்பினைக் கணவர் கையாலேயே எழுதுவிக்கிறார். டஸ்கர் இறந்து கிடக்கையில் அவர் கையில் இருப்பது அக்கடிதமே. நண்பனின் கையெழுத்தில் வந்த வெளியேற்ற அறிவிப்பு என்னும் இந்நிகழ்ச்சி, நட்பு எனப் புறத்தே தோன்றியது குடிக்கூலியின்மேல் நின்றது என்பதை ஆசிரியர் கூற்று ஏதுமின்றிப் புலப்படுத்திவிடுகிறது.

தோட்டக்காரன் பற்றிய கிளைக்கதையும் இவ்வகையில் நோக்கத்தக்கது. ஓட்டல் நிர்வாகம் தோட்டக்காரனை நிறுத்திவிட, புல்தரை மண்டுவதைக் கண்டு டஸ்கர் குமுறுகிறார். லூசியும் பணியாள் இப்ராகிமும் கூடி, ஜோசப் என்னும் எளிய இளைஞனை அமர்த்துகின்றனர். கூலியை லூசி தன் பணத்திலிருந்து தருகிறாள். ஆனால் அவன் ஓட்டலின் ஆள் என்றே டஸ்கரை நம்பச்செய்கின்றனர். உரிமை பறிபோன பின்னும் அது நீடிப்பதாக ஒரு முதியவரை நம்பவைக்க, மனைவியும் பணியாளும் மேற்கொள்ளும் இப்பரிவுமிக்க ஏமாற்று, புதினத்தின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. பாங்கோட்டில் உண்மையான உறவு எனத்தக்கது உண்டெனில் அது இத்தகைய சிறு சூழ்ச்சிகளிலேயே உள்ளது.

அழைக்கும் பெயர்கள்

வேற்றுமொழி வழங்கும் நாட்டினை 'மொழிபெயர் தேயம்' எனச் சங்க அகப்பாடல்கள் குறிக்கும். நிலத்தின் எல்லையை மொழியின் மாற்றத்தால் அறியும் மரபு அது. ஆராயப்படும் இரு கதைகளிலும் இவ்வெல்லை தலைகீழாகிறது. ஊர் பெயர்ந்தும் மொழி பெயராத நிலை அம்முதியோரது. ஆங்கிலம் அறிந்த இந்தியர் சூழ்ந்திருத்தலின் அவர்க்கு இந்திய மொழி எதனையும் கற்கும் கட்டாயம் எழுவதில்லை. திரைப்படத்தில், இளமையில் இந்தியாவில் வளர்ந்த கிரகாம் ஒருவரே இதற்கு விலக்கு.

மொழி பெயராவிடினும் விளிப்பெயர்கள் நிலையை உணர்த்திவிடுகின்றன. இப்ராகிம் தன் முதலாளிகளைச் சாகிப், மேம்சாகிப் என்றே அழைக்கிறான். அதிகாரம் போன பின்னும் எஞ்சியிருப்பது அவ்விளி மட்டுமே. டஸ்கரோ பூலாபாய் என்னும் பெயரைப் 'பில்லி-பாய்' எனத் திரித்து அழைக்கிறார். அன்பால் வந்த செல்லப்பெயராயினும், பிறன் பெயரைத் தன் நாவிற்கேற்ப மாற்றிக்கொள்ளும் பழைய உரிமையை அது கைவிடவில்லை. இளம் அலுவலரின் மனைவியாய் இருந்தபோது மூத்த மேம்சாகிப்களின் கீழ்ப் பட்ட சிறுமைகளை லூசி மறக்கவில்லை. தனக்கு முதலிடம் வரவேண்டிய காலத்தில் அவ்வரிசையே இல்லாமற் போயிற்று. இப்போது இந்திய மேட்டுக்குடி மகளிரின் வரிசையில் தனக்குரிய இடம் எது என்று அவள் தேடவேண்டியுள்ளது. வருவதாகச் சொல்லியிருக்கும் இளைஞர் டர்னருடன் பேசவேண்டியவற்றை அவள் மனத்துள் ஒத்திகை பார்க்கிறாள். ஊர் முழுதும் மக்கள் இருக்க, வாராத ஒருவரோடு உரையாடும் அவள் நிலை தனிமையின் உச்சம்.

மொகக்கின் உலகில் விளிப்பெயரின் திசை மாறுகிறது. இந்திய அழைப்பு மையங்களில் இளைஞர் ஆங்கிலப் பெயர் சூடி இலண்டன்வாசிகளோடு பேசிய காலம் அது. பெங்களூரைக் கதைக்களமாகத் தேர்ந்தமையின் நயம் இங்கேதான் உள்ளது. ஆங்கிலேயரின் தொலைபேசிப் பணி இந்தியாவுக்கு வந்தது. அதே வழியில் ஆங்கிலேயரின் முதுமையும் வந்தது. எவெலின் என்னும் முதியவள் அழைப்பு மைய இளைஞரோடு பழகுதல் இவ்விரு நகர்வுகளையும் ஒரே அறையில் சந்திக்கவைக்கிறது. திரைப்படம் களத்தை ஜெய்ப்பூருக்கு மாற்றியதனால் அரண்மனைச் சாயலும் வண்ணக் காட்சிகளும் கிடைத்தன. பெங்களூர் தந்த பொருட்செறிவு குன்றிற்று.

தேவைப்படுதல் என்னும் தீர்வு

திரைப்படம் முன்வைக்கும் தீர்வு தெளிவானது. அயல்மண்ணில் ஒருவர் வேரூன்ற வேண்டுமெனில் அவர் அங்குத் தேவைப்பட வேண்டும். எவெலின் அழைப்பு மையத்தில் பயிற்றுநர் ஆகிறாள். இந்தியரை வெறுத்து வந்த மியூரியல், விடுதியின் கணக்கைச் சீர்செய்து நிர்வாகத்தில் அமர்கிறாள். இவ்வாறு பயன்பட இயலாத ஜீன், தாயகம் திரும்புகிறாள். முதுமை என்பது சுமையாதல் அன்று, பயனாதல் என்னும் இக்கருத்து, முதியோரை ஒதுக்கும் சமூகத்திற்குக் கூறத்தக்க அறமே. படம் பெற்ற வரவேற்புக்கும் அதுவே காரணமாகலாம்.

ஆயினும் இத்தீர்வின் உள்ளமைப்பை உற்று நோக்கின் ஒரு குறை புலனாகும். எவெலின் கற்பிப்பது ஆங்கிலேயரோடு பேசும் முறையை. மியூரியல் காப்பது தன்னவர் தங்கும் விடுதியை. இருவரும் கொடுப்போராகவே உள்ளனர், கொள்வோராக இல்லை. வந்த நாட்டிடமிருந்து எதனையும் கற்றாகவேண்டிய நிலை அவர்க்கு வரவில்லை. திறமையற்ற இந்தியனை அனுபவமிக்க ஆங்கிலேயர் கைதூக்கிவிடும் பழைய கதையமைப்பே, கனிவான முகத்துடன் திரும்ப வருகிறது. புதினத்தில் மியூரியலின் நிலை இதனினும் கூர்மையானது. கறுப்பின, ஆசிய மருத்துவப் பணியாளர் தன்னைத் தொடலாகாது என மறுத்து, மருத்துவமனையில் இரு நாள் கவனிப்பின்றிக் கிடந்தவள் அவள். தொடுதலை மறுத்தவள், தொட்டுப் பராமரிக்கும் கைகளை நாடி இந்தியாவுக்கே வரவேண்டியிருக்கிறது என்னும் முரண், படத்தில் பெரிதும் நகைச்சுவையாகக் கரைந்துவிடுகிறது.

ஸ்காட்டிற்கும் இத்தகைய வினாக்கள் எழுப்பப்பட்டுள்ளன. 1984இல் சல்மான் ருஷ்டி எழுதிய 'அவுட்சைட் தி வேல்' என்னும் கட்டுரை, பேரரசு பற்றிய ஏக்கத்தை வளர்க்கும் படைப்புகளைச் சாடுகையில் ஸ்காட்டின் நான்கு புதினங்களையும் உட்படுத்துகிறது. 'ஸ்டேயிங் ஆன்' இக்குற்றச்சாட்டிற்கு ஓரளவே ஆளாகும். இப்ராகிமும் ஃபிராங்க் பூலாபாயும் தத்தம் மனவோட்டம் உடைய முழு மாந்தராகப் படைக்கப்பட்டுள்ளனர். முதலாளியின் மூப்பைப் பணியாளனின் கண்ணால் காணும் இடங்கள் பலவுள. ஆனால் லீலா பூலாபாயின் படைப்பு அத்தகையதன்று. புதிய இந்தியாவின் பேராசை முழுவதும் ஒரு பருத்த பெண்ணின் உடல்மீது ஏற்றப்பட்டு நகைப்புக்குள்ளாக்கப்படுகிறது. ஓட்டலை விற்க அவருக்குள்ள உரிமை சட்டப்படியானது. அதன் நியாயத்தை எடுத்துரைக்க அவர்க்கு ஒரு பக்கமேனும் தரப்பட்டிருப்பின் புதினத்தின் துயரம் மேலும் ஆழம் பெற்றிருக்கும்.

இருத்தலும் முதுபாலையும்

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், நெய்தலுக்கு இரங்கல். 'ஸ்டேயிங் ஆன்' என்னும் தலைப்பை இருத்தல் என்றே தமிழாக்கலாம். ஆனால் சொல்லொற்றுமை கொண்டு இக்கதையை முல்லைத்திணை எனல் பிழையாகும். முல்லையின் இருத்தல், திரும்பி வருவான் ஒருவனை எதிர்நோக்கியது. லூசியின் இருத்தலுக்கு அத்தகைய எல்லை இல்லை. அவள் விரும்பி இருந்தவளும் அல்லள், முடிவு கணவருடையது. உரிப்பொருள் தலைவிக்குரிய உணர்வாகக் கொள்ளப்படுவது. இங்கோ அது கணவரின் முடிவுக்கு மனைவி பட்ட கடன்.

இதனினும் பொருத்தமான கருத்தாக்கம் புறத்திணையியலில் கிடைக்கிறது. காஞ்சித்திணையின் துறைகளுள் முதுபாலை என்பதனைத் தொல்காப்பியம் வைக்கிறது. சுரத்தின் நடுவே கணவனை இழந்து தனித்து நிற்கும் பெண்ணின் புலம்பல் அது. ஊரில் கணவனை இழந்தவளுக்குச் சுற்றம் உண்டு. சுரத்தில் இழந்தவளுக்கு இழப்பைக் கேட்பாரும் இல்லை. புதினத்தின் இறுதியில் லூசி இறந்த கணவரை முன்னிலைப்படுத்திப் பேசும் தனிமொழி இத்துறையின் பொருளை அப்படியே எய்துகிறது. இறந்தவர் தாயகம் திரும்பிவிட்டார், தானே அயல்மண்ணில் விடப்பட்டாள் என்பது அவள் முறையீட்டின் சாரம்.

எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. பாங்கோட் சுரமன்று. இப்ராகிம் இருக்கிறான், தேவாலயம் இருக்கிறது, அடக்கம் செய்ய ஆள்கள் உளர். மக்கள் நிறைந்த ஊர் ஒருத்திக்குச் சுரமானது எங்ஙனம்? கூலி, வாடகை, பதவி ஆகியவற்றின் வழியே மட்டும் உறவுகள் அமைந்தமையே காரணம் என்பது முற்பகுதிகளில் கண்டவற்றால் விளங்கும். டஸ்கர் இறக்குமுன் தம் நிதிநிலையை விளக்கி மனைவிக்கு எழுதிய கடிதத்தில், வாயால் ஒருபோதும் சொல்லாத அன்பையும் எழுதியிருந்தார். கணக்குக் கேட்ட மனைவிக்குக் காதற் கடிதமும் சேர்ந்தே கிடைத்தது. அந்நகரில் கணக்கையும் அன்பையும் பிரிக்க இயலாதவாறு வாழ்ந்த இணையருக்கு இதனினும் பொருத்தமான கடிதம் இல்லை.

திரைப்படத்தில் கிரகாமின் இறப்பு இதற்கு மறுதலையாக அமைகிறது. இளமையில் தாம் நேசித்துப் பிரிந்த இந்திய நண்பரைத் தேடிவந்து, கண்டு, மன அமைதியுடன் இறக்கிறார். இந்திய முறைப்படி எரியூட்டப்படுகிறார். அவரை அயல்மண் ஏற்றுக்கொள்கிறது. ஏனெனில் அவர் ஒருவரே அம்மண்ணுக்குத் தாம் இழைத்த தீங்கு ஒன்று உண்டு என்னும் உணர்வோடு வந்தவர். பயன்படுவதால் அன்றிக் கடன்பட்டவராக உணர்வதால் ஒருவர் உறவுக்குரியவர் ஆகிறார் என்னும் இக்குறிப்பு, படம் வெளிப்படக் கூறும் தீர்வினும் ஆழமானது.

உதகைச் சான்று

இப்புதினங்களின் உலகம் தமிழகத்திற்கு அயலானதன்று. மாலி பான்டர்-டவுன்ஸ் 1967இல் வெளியிட்ட 'ஊட்டி ப்ரிசர்வ்டு' என்னும் நூல், உதகமண்டலத்தில் எஞ்சியிருந்த ஆங்கிலேய முதியோரை நேரில் கண்டு எழுதப்பட்டது. மன்றம், நூலகம், தேவாலயம் என்னும் மூன்றையும் சுற்றி அவர்தம் எஞ்சிய வாழ்வு நடந்ததை அந்நூலால் அறியலாம். பாங்கோட் கற்பனையாயினும் அதன் வாழ்நிலை கற்பனையன்று என்பதற்கு இது சான்று. அம்முதியோரிடம் பணிபுரிந்த தமிழரும் படுகரும் அவர்களை எவ்வாறு கண்டனர் என்பது தமிழில் இன்னும் விரிவாக எழுதப்படவேண்டிய பகுதியாகும். இப்ராகிமின் பார்வையை ஓர் ஆங்கிலேயர் எழுதிக்காட்டிய பின், அப்பார்வைக்கு உரியோரின் வாய்மொழிகளைத் தொகுத்தல் நீலகிரி பற்றிய ஆய்வாளரின் கடமையாகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பெறப்படுவன வருமாறு:

ஓய்வு பெற்ற அயலாரின் சமூக வாழ்வை இரு ஆசிரியர்களும் விடுதியில் நிறுத்திக் காட்டுகின்றனர். விலை உள்ள இடத்தில் காலம் கடந்தும் ஒருவர் புதியவராகவே எஞ்சுகிறார்.

மொகக்கின் கதையை ஒட்டிய திரைப்படம், தேவைப்படுதலைத் தீர்வாக்குகிறது. கொடுப்போராக மட்டும் நிற்பதால் அத்தீர்வு முழுமை பெறவில்லை. ஸ்காட் தீர்வு எதனையும் தரவில்லை. உறவின் அடிப்படை எதுவென்பதை இறப்பின் வழியே வெளிப்படுத்துகிறார். இவ்வகையில் 'ஸ்டேயிங் ஆன்' காலத்தால் முந்தியதாயினும் கலைத்திறத்தால் மேம்பட்டது.

முல்லையின் இருத்தல் இக்கதைக்குப் பொருந்துவது போலத் தோன்றிப் பொருந்தாமற் போகிறது, முதுபாலை பொருந்துகிறது. பிறநாட்டுப் படைப்புகளைத் திணைக் கோட்பாட்டால் அணுகும் ஆய்வுகள், பொருந்தும் இடங்களைத் தொகுப்பதோடு நில்லாது, பொருந்தா இடங்களையும் எடுத்துரைப்பின் அக்கோட்பாடு வலுப்பெறும்.

பிள்ளைகளை நாடி அயல்நாடு செல்லும் தமிழ் முதியோர் இன்று பலர். அவர்கள் ஓய்வூதியத்தின் துணையோடு செல்வோர் அல்லர். பிள்ளைகளின் துணையை நம்பிச் செல்வோர். வீட்டுக்குள் சுற்றம் உண்டு. வாயிலுக்கு வெளியே மொழியும் தெருவும் அயல். ஸ்மாலி இணையரின் தனிமையோடு இதனை ஒப்பிட்டு நோக்கின், வீடு ஒருவருக்குச் சுரமாவதும் சுரம் வீடாவதும் எப்போது என்னும் வினாவுக்குத் தமிழ்ப் புனைகதையிலிருந்தே விடை காண இயலும்.